நீர்த்தெள்ளு பிழைத்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பூச்சிக்கொல்லிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கில்லை என்று சோதனையில் உறுதியானது’ என்று போகிறபோக்கில் ஒரு வரி. அந்தச் சோதனையை ஆண்டுக்கணக்கில் செய்த கை என்னுடையது. சும்மா இருக்க முடியவில்லை.

அந்தச் சோதனைக்கு எடுப்பது டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளை. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளைக் குவளைக்கு ஐந்தாக மருந்து கலந்த நீரில் விடுவோம். தீனி கிடையாது. 48 மணி நேரம் கழித்துக் குவளையை மெல்ல அசைத்து, 15 விநாடி பார்ப்போம். அதற்குள் நீந்தாவிட்டால் முடங்கியதாகக் கணக்கு, உணர்கொம்பு ஆடிக்கொண்டிருந்தாலும். கண்ணாடி போன்ற உடல். லென்ஸில் பார்த்தால் உள்ளே இதயம் படபடப்பது தெரியும். நீந்துகிறது, ஆனால் நிலைதடுமாறிச் சுழல்கிறது என்றால்? குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுவோம், அவ்வளவுதான். பாதிக் குஞ்சுகளை முடக்கும் அளவு எதுவோ, அந்த எண்தான் பேசப்படும்.

சோதனை மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆண் துணையின்றியே தாய் தன் அச்சாகப் பெண் குஞ்சுகளை ஈனுவதால், முடிவுகளை ஒப்பிடுவது எளிது. ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது குளத்துக்குப் பொருந்தாது. இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிக்கொல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த்தெள்ளில் பாதியை முடக்க லிட்டருக்குச் சுமார் 85 மில்லிகிராம் வேண்டும். அதே நீரில் வளரும் மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம்புழுக்களுக்கோ சில மைக்ரோகிராமே போதும். பல ஆயிரம் மடங்கு வித்தியாசம்! பூச்சிகளின் நரம்பைக் குறிவைத்துச் செய்த மருந்தை, பூச்சியே அல்லாத உயிரிடம் கொடுத்து நற்சான்று வாங்கினால் வேறென்ன கிடைக்கும்? சிரோனோமஸ் என்னும், கொசு போன்ற ஆனால் கடிக்காத பூச்சியின் புழுவை வைத்துச் செய்யும் 48 மணி நேரச் சோதனைக்கு, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் வழிகாட்டி வந்ததே 2011-இல்தான்.

நீர்த்தெள்ளுக்கும் 21 நாள் சோதனை ஒன்று உண்டு. அதில் தாய் எத்தனை குஞ்சு ஈன்றது என்று எண்ணுவோம். மருந்தில்லாத நீரில் சராசரி 60-க்குக் குறைந்தால் சோதனையே செல்லாது. இரண்டு நாள் சோதனையில் முடங்காமல் தாக்குப்பிடித்த அதே மருந்தளவு, இங்கே குஞ்சுகளின் எண்ணிக்கையைச் சரித்துவிடுவதுண்டு.

இனி ‘தீங்கில்லை’ என்று அச்சிடும்போது எந்த உயிரி, எத்தனை நாள், எந்த அளவு என்ற மூன்றையும் பக்கத்தில் போடுங்கள்.

— ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்