அக்னி தீர்த்தக் கரையில 7 மாசம் படுத்துக் கெடந்தவன் எழுதுதேன்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதத்துல ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, குடும்பத்தோட ராமேஸ்வரம் போனோம், அக்னி தீர்த்தக் கரையில கால் வைக்க இடமில்ல, எங்க பாத்தாலும் அழுக்கு வேட்டியோட ஆளுக படுத்துக் கெடக்காங்க, எல்லாம் சோம்பேறிக, மொத்தமா அப்புறப்படுத்தணும்னு. அந்த அம்மா மேல எனக்கு கோவம் இல்ல, புள்ளைகள கூட்டிட்டு போனவங்க பயந்திருப்பாங்க. ஆனா அந்த அப்புறப்படுத்தணும்ங்கிற வார்த்தய படிச்சதுல இருந்து ரெண்டு நாளா எனக்கு தூக்கம் பிடிக்கல, ஏன்னா அங்க அப்படி படுத்துக் கெடந்தவன்ல நானும் ஒருத்தன். 2022 ஆடி அமாவாசையில இருந்து 2023 பிப்ரவரி கடைசி வரைக்கும்.

எனக்கு ஊரு கல்லிடைக்குறிச்சி பக்கம். சோலி கல்யாண சமையல், 500 இலை 800 இலைன்னு கோட்டை அடுப்புல நின்னு ஆக்கிப் போட்டவன். கொரோனாவுல கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல கூடாதுன்னு சொன்ன அன்னைக்கே எங்க பொழப்பு படுத்துட்டு, 50 பேருக்கு வீட்டு பொம்பளைகளே ஆக்கிருவாங்கல்லா, எங்கள எதுக்கு கூப்பிடணும். அண்டா குண்டா வாங்க வட்டிக்கு எடுத்தது ஒரு பக்கம் ஏறிக்கிட்டே போச்சு. 2021 மே மாசம் அம்மா போயிட்டா. பொறவு வீட்டுக்காரி மகள கூட்டிக்கிட்டு ஆலங்குளத்துக்கு அவ அம்மா வீட்டுக்கு போயிட்டா, அவள குத்தம் சொல்ல மாட்டேன், வட்டிக்கு குடுத்தவன் வாசல்ல நின்னு பேசுன பேச்சுக்கு எந்த பொம்பளையும் இருக்க மாட்டா. மறு வருஷம் ஆடி அமாவாசைக்கு அம்மாவுக்கு தர்ப்பணம் குடுக்கணும். எங்க ஊருக்கு பக்கத்துல பாபநாசம் இருக்கு, ஊரே அங்க தான் போகும், அதனாலயே நான் போகல, நான் கடன் வாங்குன அத்தனை பேரும் படித்துறையில நிப்பாங்க. அப்படித்தான் ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறுனேன். தர்ப்பணத்த முடிச்சுட்டு ரெண்டு நாள் இருந்துட்டு வந்துருவோம்னு போனவன் ஐயா நான்.

மூணாவது நாள் ராத்திரி பை போயிட்டு. தலைக்கு வச்சு படுத்திருந்த பை, போன், ஆதார் கார்டு, 1,400 ரூபா எல்லாம் அதுக்குள்ள. ரூம் கேட்டா ஆதார், ஓட்டல்ல பாத்திரம் கழுவ போனாக்கூட ஆதார் ஜெராக்ஸ் குடுன்னாங்க. மக நம்பர் போன்ல இருந்துச்சு, மனசுல இல்ல. ஊருக்கு திரும்பி வர மனசும் இல்ல, கையில காசும் இல்ல, நாளைக்கு பாப்போம் நாளைக்கு பாப்போம்னே ஒரு மாசம் ஓடிட்டு.

அது வெயில் ஊரு, குளிர் கெடையாது, போர்வை வேண்டாம், மணல்ல துண்ட விரிச்சா போதும், அதுக்குத்தான் எங்கெங்க இருந்தோ அங்க வந்து சேருதாங்க, இந்தி மட்டும் பேசுறவங்க, மலையாளம் பேசுறவங்க, ஒண்ணுமே பேசாதவங்க. விடிய 4 மணிக்கு முன்னாடி எந்திரிச்சிரணும், 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அதுக்கு முன்ன கடல்ல முங்க ஆளு வந்துரும். கோயிலுக்குள்ள 22 தீர்த்தம், வாளியில இறைச்சு ஊத்த அங்கயே ஆளுக உண்டு, வெளியூர்க்காரனுக்கு அந்த வேல கெடைக்காது. எங்களுக்கு கெடைச்சது கடல்ல விட்ட துணி. முங்கி எந்திரிச்சு கட்டியிருந்த துணிய கடலோட விட்டுட்டு போறவங்க ஏராளம், அத இழுத்துப் போட்டு அலசி காயவச்சு எடைக்கு போடுவோம், கூடவே பிளாஸ்டிக் பாட்டிலும் பொறுக்குவோம், நல்ல வேட்டியா இருந்தா நாங்களே கட்டிக்குவோம். அந்த அம்மா பாத்த அழுக்கு வேட்டியும் அப்படி வந்ததா தான் இருக்கும்.

சாப்பாட்டுக்கு பஞ்சம் இல்ல, அத மறைக்க மாட்டேன். கோயில்ல அன்னதானம் உண்டு, வடநாட்டு மடங்கள்ல கிச்சடி, பூரி கூப்பிட்டு குடுப்பாங்க. மொத நாள் அந்த வரிசையில நின்னப்போ பந்தியில பரிமாறுன கை நடுங்குச்சு, பொறவு பழகிட்டு.

உண்மையான கஷ்டம் தண்ணி. நான் தாமிரபரணியில முங்கி வளந்தவன், குளிக்கிறதுக்கு காசு குடுக்கணும்ங்கிறதே எனக்கு தெரியாது. அங்க கடல் தண்ணியில குளிச்சா உப்பு உடம்புல காஞ்சு தோல் இழுக்கும், அக்குள்ல தொடையில எல்லாம் புண்ணு, அதோட மணல்ல படுக்கணும். நான் போன இடத்துல நல்ல தண்ணி ஒரு வாளி குளிக்க 20 ரூபா, வெளிக்கு போக 10 ரூபா. பாட்டில் பொறுக்கி ஒரு நாளைக்கு 80 ரூபா 100 ரூபா பாத்தவன் அதுல 30 ரூபாய எடுத்து குளிக்க குடுப்பானா, வாரத்துக்கு ஒரு தடவ தான் குளிப்போம், நாத்தம் அடிக்கும், நாத்தம் அடிக்கிறவன எவனும் வேலைக்கு சேக்க மாட்டான். ஒரு ஓட்டல்ல 12 நாள் பாத்திரம் கழுவுனேன், சமையல் தெரியும்னு சொன்னேன், காய் வெட்டக்கூட விட்டாங்க, ஆனா புண்ணு சீழ் வச்சு வேட்டியில ஒட்டுனத பாத்துட்டு மொதலாளி நின்னுக்கோன்னுட்டார். அவர் எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், சாப்பாட்டு கடைல்லா.

சோம்பேறின்னு சொல்லுதாங்களே, இவங்களுக்கு ஒரு காலண்டரே இருக்கு ஐயா. ஜூன் ஜூலையில சாரல் விழுந்தா குற்றாலம், ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் இல்லன்னா பாபநாசம், மகாளய அமாவாசைக்கு மறுபடி ராமேஸ்வரம், ஐப்பசியில கந்த சஷ்டிக்கு திருச்செந்தூர், கார்த்திகை மார்கழியில ஐயப்பன் சீசன பாத்து செங்கோட்டை பக்கம், தை அமாவாசைக்கு திரும்பவும் ராமேஸ்வரம். கூட்டம் எங்கயோ அங்க பாட்டிலும் துணியும் சோறும் கெடைக்கும். எல்லாத்துக்கும் மாறி ஏறுற இடம் நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் தான். நாம பிளாட்பாரத்துல தாண்டித் தாண்டி போற ஆளுக தான் அங்கயும் கெடக்காங்க.

என்கூட கரையில இருக்கிற கல் மண்டபத்துல ஒரு ஆச்சி இருந்தா, சங்கரன்கோயில் பக்கம். மொத நாளே என் பேச்ச கேட்டுட்டு "எங்க ஆளு மாதிரி பேசுதியேப்பா, எந்த ஊரு"ன்னா. மகன் திருப்பூர்ல இருக்கான், ரெண்டு பேத்தி, தீர்த்தம் ஆட கூட்டிட்டு வந்து இங்கனயே இருன்னு சொல்லிட்டு போனான்னு எங்கிட்ட சொல்லியிருக்கா. மகன் நம்பர் பத்தும் ஆச்சிக்கு மனப்பாடம். ஒரு நாள் காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன், நல்ல மனசு உள்ளவன், பக்கத்துல உக்காந்து பாட்டி நம்பர் குடுங்க நான் பேசுதேன், பெத்தவங்கள இப்படி விட்டுட்டு போனா 2007-ல வந்த சட்டமே இருக்கு, 3 மாசம் ஜெயில், 5,000 ரூபா அபராதம்னு சொன்னான். ஆச்சி அவன் மொகத்தையே பாத்துட்டு, எனக்கு புள்ளையே கெடையாது ராசான்னுட்டா. அதுக்கப்புறம் எவர் கேட்டாலும் அதே பதில் தான், எங்கிட்டயும் அந்த பேச்ச எடுக்கல.

ஒரு நாள் ராத்திரி, யாரோ பெரிய ஆளு வர்றாங்கன்னு எங்கள 20 பேருக்கு மேல வேன்ல ஏத்தி பாம்பன் பாலத்துக்கு அந்தப்பக்கம் மண்டபம்ங்கிற ஊரு தாண்டி இறக்கி விட்டுட்டு போயிட்டாங்க. அந்த அம்மா கேட்ட அப்புறப்படுத்துறது இதுதான். விடிய நாங்க திரும்பி நடந்தோம். பாம்பன் ரோட்டுப் பாலம் மட்டும் ரெண்டே கால் கிலோமீட்டர், அதுக்கு அங்கிட்டு ஊருக்கு 10 கிலோமீட்டருக்கு மேல. பாலத்துக்கு மேல காத்து ஆள தள்ளும், ஆச்சிய கைப்பிடிச்சு கூட்டிட்டு வந்தேன், வேண்டாம் ஆச்சி, இப்படியே பஸ் ஏத்தி உங்க ஊர் பக்கம் விட சொல்லுதேன்னு சொன்னேன். "அவன் தேடி வந்தா அங்கன தான வருவான்"னா.

டிசம்பர்ல இன்னும் மோசம். வாடக்காத்து நேரா கடல்ல இருந்து மொகத்துல அடிக்கும், மழ, படுத்த மணலே ஓடும். அந்த நேரம் பாத்து 23-ஆம் தேதியோட 1914-ல கட்டுன பழைய ரயில் பாலத்துல ரயில நிப்பாட்டிட்டாங்க. பழசாயிட்டு, நிப்பாட்டுனது சரிதான், 2025 ஏப்ரல்ல புது பாலமும் திறந்துட்டாங்க. ஆனா ஸ்டேஷன் ஓரத்துல படுத்து ரயில்ல வர்றவங்கள நம்பி இருந்தவங்க எல்லாம் கரைக்கு வந்துட்டாங்க, கூரை இருக்கிற இடத்துக்கு அடிபிடி. தை அமாவாசை முடிஞ்ச வாரம் ஆச்சிக்கு காய்ச்சல். 108-க்கு ஒரு கடைக்காரர் போன் போட்டார், கூட நான் ஏறுனேன். ஆஸ்பத்திரியில நீ என்ன உறவுன்னு கேட்டாங்க, ஒரே ஊர் பக்கம்னேன், அடையாளம் ஏதாவது இருக்கான்னாங்க, இல்ல, வெளிய நிக்க சொல்லிட்டாங்க. மறுநாள் போனப்போ வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சுன்னாங்க. அதுக்கப்புறம் ஆச்சிய நான் பாக்கல.

நான் திரும்பி வந்தது ஒரு பஸ் கண்டக்டர் அண்ணாச்சியால. பஸ் ஸ்டாண்ட்ல பாட்டில் எடுக்கும்போது எவன்கிட்டயோ சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேன், அவர் காதுல விழுந்துட்டு. "நீரு நம்ம திருநெல்வேலி பக்கமாவே"ன்னார். ஆமான்னேன். "ஏறும்வே"ன்னார், அவ்வளவுதான், டிக்கெட் அவரே கிழிச்சு அவர் காசையே பையில போட்டார். மறுநாள் விடிய தாமிரபரணியில குறுக்குத்துறையில இறங்கி முங்குனேன், ஒரு மணி நேரம் தண்ணிய விட்டு ஏறல. அந்த வாரமே ஆதார் சென்டர்ல போய் கார்டு தொலஞ்சு போச்சு, நம்பரும் தெரியாதுன்னேன், கைரேகை வச்சு பாத்து கொஞ்சம் காசு வாங்கிட்டு அப்பமே பிரிண்ட் எடுத்து குடுத்துட்டாங்க ஐயா. நான் அந்த பேப்பர கையில வச்சுக்கிட்டு அங்கயே உக்காந்து அழுதேன். இந்த ஒரு விவரத்த அங்க யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா ஆறு மாசத்துக்கு முன்னயே நான் வேலைக்கு சேந்து மனுஷனா ஊருக்கு வந்திருப்பேன். இப்போ பாளையங்கோட்டையில ஒரு மெஸ்ல சமைக்கேன், மக ஞாயித்துக்கிழமை பேசுதா.

மத்தியானம் ஓய்வுல மாவட்ட மைய நூலகத்துக்கு போய் இதப்பத்தி கெடைச்சத எல்லாம் படிச்சேன். டெல்லியில குளிர்ல ஆளுக சாகுறாங்கன்னு தான் 2010 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தலையிட்டுச்சு, பொறவு வீடு இல்லாதவங்களுக்கு ராத்தங்க இடம் கட்டுங்கன்னு மாநிலங்களுக்கு உத்தரவு போட்டுச்சு. 2013-ல வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்துலயும் ஒரு லட்சம் ஜனத்துக்கு 100 பேர் தங்குற இடம், ஒரு ஆளுக்கு 50 சதுர அடின்னு இருந்துச்சு. நல்ல விஷயம். ஆனா ராமேஸ்வரம் நகராட்சி ஜனத்தொகை 2011 சென்சஸ்ல 45 ஆயிரத்துக்கும் கம்மி. அந்த லட்சக் கணக்குல பாதிகூட வராது. அமாவாசை அன்னைக்கு கரையில நிக்கிற கூட்டத்த எந்த சென்சஸும் எண்ணாது, அந்த கூட்டத்த நம்பி வந்து கெடக்கிறவனையும் எண்ணாது. குளிர் இல்லாத ஊருங்கிறதால யாரும் பதறுறதும் இல்ல. நான் இருந்த 7 மாசத்துல, இங்க போய் படுத்துக்கோன்னு ஒரு இடத்த ஒருத்தரும் எங்களுக்கு காட்டல.

அதனால உங்க பேப்பர் மூலமா கேக்குதேன். ராமேஸ்வரம், திருச்செந்தூர், குற்றாலம் மாதிரி ஊருகளுக்கு குடியிருக்கிற ஜனத்த மட்டும் வச்சு கணக்கு போடாதீங்க, வந்து போற ஜனத்தையும் சேத்து போடுங்க. பெரிய கட்டடம் கட்டுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், காசில்லாம குளிக்க நாலு நல்ல தண்ணி குழாய், பைய வச்சு பூட்ட ஒரு பெட்டி, வாரத்துக்கு ஒரு நாள் ஆதார் மெஷினோட ஒரு ஆளும் வீட்டுக்கு பேச ஒரு போனும். பெத்தவங்கள விட்டுட்டு போனவங்கள மெரட்டுறது அப்புறம் இருக்கட்டும், மொதல்ல கேஸ் போட மாட்டோம்னு சொல்லி நம்பர் வாங்குங்க, அப்போதான் ஆச்சி மாதிரி ஆளுக வாய் தொறப்பாங்க.

இன்னொண்ணு. 2027 மார்ச் 1-ஆம் தேதிய கணக்கு நாளா வச்சு சென்சஸ் வருது. 2011-ல பிப்ரவரி 28 ராத்திரி தான் வீடு இல்லாதவங்கள எண்ணுனாங்க, நாடு முழுக்க 17 லட்சத்து 72 ஆயிரம் பேருன்னு கணக்கு. இந்த தடவ அந்த ராத்திரி ராமேஸ்வரத்துல எண்ண போறவங்க 11 மணிக்கு மேல போகணும், அதுக்கு முன்னாடி கரையில யாத்ரீகர் கூட்டம் இருக்கும், இவங்க ஒதுங்கி நிப்பாங்க. 3 மணிக்குள்ள முடிச்சிரணும், 4 மணிக்கு ஒருத்தரும் படுத்த இடத்துல இருக்க மாட்டாங்க. கரையில இருக்கிற மண்டபம், கடை மூடுன பொறவு அதோட திண்ணை, பஸ் ஸ்டாண்ட் பின்பக்கம், ஸ்டேஷன் ஓரம், இந்த நாலையும் பாக்கணும். வழி காட்ட ஆளு வேணும்னா நான் மெஸ்ல லீவு சொல்லிட்டு வாரேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் (பெயர் போட வேண்டாம் ஐயா),
பாளையங்கோட்டை.