சந்தா கட்டாத வாசகர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு பதிப்பில் பினாங்கு நூலகத்தின் கதையைப் படித்தேன். 1817-ல் தொடங்கியது, இருநூறு வருஷத்தைத் தாண்டிவிட்டது, எல்லாம் சரி. ஆனால் கட்டுரை முழுக்கத் தேடியும் ஒரு தமிழர்கூட அகப்படவில்லை. எப்படி அகப்படுவார்? தொடக்கத்தில் அது சந்தா கட்டுகிறவர்களுக்கான நூலகம், துரைமார்களும் வணிகர்களும் போய் உட்கார்ந்த இடம். அதனால் நம்மவர்கள் அந்தக் காலத்தில் படிக்கவே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனாலும் தமிழ் நேசன் வாசகர். தோட்டத்துக்கு வருவது ஒரே ஒரு பேப்பர், அதைத் தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி படித்து முடித்து, இரண்டு நாள் பழசான பிறகு தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்துக்கு வரும், சாயங்காலம் யாராவது சத்தமாகப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நான் ஆறாம் வகுப்பு முடித்ததும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. முதலில் ரப்பர் விலை. அப்புறம் மரண அறிவிப்புகள், அதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொல்வார்கள், ஊர்க்காரர் பெயர் ஏதும் தவறிவிடக் கூடாதே. தொடர்கதைக்கு வந்தால் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் சுளகோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். 'தொடரும்' என்று நான் நிறுத்தினால், மீதியை நானே ஒளித்து வைத்துக்கொண்ட மாதிரி திட்டு விழும்.

ஒரு பேப்பருக்கு முப்பது பேர். இவர்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்?

தோட்டத்து இளைஞர் சங்கமான மணிமன்றத்திலும் ஒரு புத்தக அலமாரி இருந்தது. சாவி செயலாளர் வீட்டு ஆணியில் தொங்கும். புத்தகத்தை விரித்தால் ரப்பர் சீட்டு காயவைக்கும் புகைவீட்டு வாடை அடிக்கும், எனக்கு இன்றைக்கும் புதுப் புத்தக வாசனையைவிட அதுதான் பிடிக்கும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் எங்கள் சனமும் ஆளுக்கொரு பக்கம் சிதறியது. அலமாரி எங்கே போனது என்று கேட்க ஆளில்லை.

1924-ல் கோலாலம்பூரில் தொடங்கிய நேசன் 2019-ல் நின்றுவிட்டது. சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது, ஆயர் ஈத்தாமில் வீட்டில் உட்கார்ந்தபடியே புரட்டுகிறேன். நம் நேசனை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அப்பா சேர்த்து வைத்த நேசன் கட்டுகளை ஒரு நூலகத்துக்குக் கொண்டுபோனேன், பெயர் வேண்டாம். மேசையில் இருந்தவர் மேல் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைப் பிரித்துப் பட்டியல் போட எங்களிடம் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கட்டுகளை மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள், கோயில் நிர்வாகம், எழுத்தாளர் சங்கம் என்று யாராவது ஒரு அறையும் ஒரு ஸ்கேனரும் ஒதுக்கினால், வாரம் இரண்டு நாள் வந்து பிரித்து அடுக்கித் தர நான் தயார். முகவரி உங்களிடம் இருக்கிறது. கட்டுகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, போன மாதம்தான் கரையான் மருந்து அடித்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆயர் ஈத்தாம், பினாங்கு