சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர்களும் சரி, சிவதாபுரம், பனங்காடு பக்கத்து ஆட்களும் சரி, கேட்டது ஒன்றுதான்: அரசு திட்டம் போடுகிறது, வியாபாரிகள் கடையைப் பெரிசாக்குகிறார்கள், வியாபாரி தருகிற வெள்ளியில் கூலிக்குக் கொலுசு செய்கிற நமக்கு மட்டும் செய்த வேலைக்குக் காசு வர ஏன் மாசக்கணக்காகிறது? இந்த ஆண்டு சங்க வேலை பெரும்பாலும் இதிலேயே போனது.

முதலில் கடன். கைவினைஞர்களுக்காகத் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது தாண்டியவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். விருப்பம் உள்ளவர்களை மாவட்டத் தொழில் மையத்துக்குக் கூட்டிப்போனோம். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளியும் வியாபாரியுடையது, கூலியும் அவர் வைத்ததுதான் என்றிருக்கும்போது கடன் வாங்கி மெஷின் போட்டவருக்குத் தவணைதான் நிச்சயம், வரவு நிச்சயமில்லை.

அதனால்தான் சிறு தொழில்காரர்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கிற உத்யம் பதிவைப் பிடித்துக்கொண்டோம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பதிவு செய்த சிறு தொழில்காரருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் வேலை வாங்கினவர் பணம் தந்தாக வேண்டும் என்பது 2006ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம். நம்மில் யாருக்கு எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது? ஆக, 15 நாள்தான். கெடு தாண்டி, நிதியாண்டு முடிந்தும் தராமல் வைத்திருந்தால் வியாபாரி அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவும் 2024 ஏப்ரல் 1 முதல் வந்தது. இது தெரிந்ததும் ஒரு வியாபாரி, பதிவு பண்ணினவனுக்கு வேலையே கிடையாது என்று சொல்லிவிட்டார். நம் ஆட்கள் சிலர் பயந்து பின்வாங்கினார்கள், அவர்களைத் தப்பு சொல்ல முடியாது, அடுப்பு எரிய வேண்டுமே.

அப்புறம் தொழில் மைய அதிகாரி, வங்கிக்காரர், வியாபாரிகள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தோம். காரசாரமாகத்தான் இருந்தது. கடைசியில் சில வியாபாரிகள் கணக்கைச் சீட்டில் எழுதித் தந்து, சனிக்கிழமையே கூலி தீர்க்க ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பார்க்கலாம் என்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் பேச்சும் வந்தது. 1981ல் அரசு ஆதரவோடு ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, ரகசிய டெண்டரில் சரக்கை விற்று, இடைத்தரகர் பிடியைத் தளர்த்தினார்கள், நீங்களும் அப்படிச் செய்யலாமே என்றார் ஒருவர். சரி, செய்யலாம். ஆனால் அங்கே உறுப்பினர் ஆலைக்காரர்தான், மரவள்ளிக் கிழங்கு போட்ட விவசாயி இன்றும் விலைக்காக வெளியே நின்று கத்துகிறார். நமக்கு அமைப்பு வந்தால் பட்டறை வைத்திருப்பவர் மட்டும் உறுப்பினராக இருக்கக் கூடாது, பற்றவைக்கிறவரும் மெருகு போடுகிற அக்காக்களும் ஓட்டுப் போடுகிற உறுப்பினராக வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டோம், தீர்மானமாக மினிட் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

பற்றவைக்கும் இடத்துப் புகைக்கு ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியில் மின்விசிறிகள் தந்தது, நன்றி. கூலிப் பேச்சுக்கு அந்தக் கம்பெனியும் வரவில்லை, நாமும் கூப்பிடவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள், உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் கார்டும் எடுத்து வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பின் அறைக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்