ஓட்டுநரின் கோபத்தையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதுச்சேரி - கடலூர் சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்குப் பேருந்துகளின் போட்டி தெரியும். தவளக்குப்பத்தில் ஒரு பேருந்து ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் வருவது ஏர் ஹாரனை அலறவிட்டபடி வலப்பக்கம் ஏறி, எதிரே வரும் ஸ்கூட்டரை மண்ணில் இறக்கிவிட்டுப் போகும். அந்த ஸ்கூட்டரில் அப்பாவின் கால்களுக்கு நடுவே ஒரு குழந்தை நின்றுகொண்டிருக்கும்.

ஓட்டுகிறவர் முறைப்படி உரிமம் பெற்றவர்தான். ஓட்டிக் காட்டினார், சாலைக் குறிகளையும் சரியாகச் சொன்னார். முன்னால் போகிறவர் வழி விடாவிட்டால் அவருக்கு எவ்வளவு கோபம் வரும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்க வழி இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெர்ரி டெஃபன்பேக்கர் குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஓட்டுநர் கோப அளவுகோல், 33 சூழ்நிலைகளைச் சொல்லி ஒவ்வொன்றிலும் எவ்வளவு கோபம் வரும் என்று 1 முதல் 5 வரை குறிக்கச் சொல்கிறது. 14 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு.

உரிமம் வாங்க வந்தவர் உண்மையைச் சொல்ல மாட்டார். சரி, அங்கே வேண்டாம். வேலையில் இருக்கும் ஓட்டுநர்களிடம், பெயர் எழுதாமல் நிரப்பக் கொடுக்கட்டும். முதலாளி கைக்கு அது போகவே கூடாது. சூடேற்றுவது வசூலா, நேரக் கெடுபிடியா என்று தெரிந்துவிட்டால் பேருந்துகளின் நேர இடைவெளியைத் திருத்தலாமே! மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, அபாயகரமாக ஓட்டிய பிறகுதான் தண்டிக்கிறது. இரு பக்கத்துப் போக்குவரத்து அதிகாரிகளும் சேர்ந்து இந்த வழித்தடத்திலேயே இதைத் தொடங்க வேண்டும்.

ஒரு வாசகர்,
தவளக்குப்பம், புதுச்சேரி