ஜாடியில் என்ன பூ?

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய படத்தை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். உன் பூனை மிட்டு நன்றாகத் தேறிவிட்டது. ஒற்றை ஆளாக வீட்டை இவ்வளவு அழகாக வைத்திருக்கிறாயே என்று பெருமையாக இருந்தது. படத்தோடு ஒரு வரி எழுதியிருக்கலாம். உன் குரல் கேட்டுப் பதினாறு நாளாகிறது. சரி, அந்தப் பேச்சு வேண்டாம்.

ஜன்னலில் தொங்குவது மணி பிளான்ட்தானே? அதன் இலைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்ஸலேட் இருக்கிறது. பூனை கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். பெயரில் மட்டும் லில்லியாக இருக்கும் பீஸ் லில்லியும் டைஃபென்பாக்கியாவும் அப்படித்தான். உயிர் போகிற அளவுக்குப் பெரும்பாலும் போகாது, ஆனாலும் யாருக்காவது கொடுத்துவிடு. கற்றாழையும் வேண்டாம், வாந்தி எடுக்கும். அதே சாயலில் குட்டியாக, வெள்ளை வரிகளோடு ஹவோர்தியா இருக்கிறது, அது ஒன்றும் செய்யாது. ஸ்பைடர் பிளான்ட் வை. மிட்டு நுனியைக் குதறும், குதறட்டும். பாம் செடி வாங்கினால் பெயரைப் பார்த்து வாங்கு. அரேகா பாம் நல்லது. சேகோ பாம் ஈரலையே கெடுத்துவிடும், அதன் விதை இன்னும் மோசம்.

நான் கேட்க வந்தது மேசை மேல் இருக்கும் ஜாடியைப் பற்றி. படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, ரோஜா நிறத்தில் ஒரே ஒரு இதழ் தெரிகிறது. யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. அவர் வந்துபோனாரா என்றும் கேட்கவில்லை. அது லில்லியா, அதை மட்டும் சொல். லில்லியாக இருந்தால் இப்போதே வெளியே போடு. இலை, இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனைக்கு விஷம். மூன்று நாளைக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். அலமாரி மேலே ஏற்றி வைத்தாலும் பயனில்லை. மகரந்தம் உதிர்ந்து ரோமத்தில் ஒட்டும், பூனை உடம்பை நக்கும்.

அம்மு, பஞ்சு ஓடிப்போகவில்லை.

எனக்குப் பதவி உயர்வு வந்தபோது ஒரு பூங்கொத்து வந்ததே, அதில் லில்லி இருந்தது. பஞ்சுவின் தோளில் ஆரஞ்சுத் தூள் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். என் கண் முன்னாலேயே அது நக்கித் துடைத்துக்கொண்டது. ராத்திரி இரண்டு முறை வாந்தி எடுத்தது. முடி உருண்டையாக இருக்கும், காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனபோது இரண்டு நாள் ஆகியிருந்தது, சிறுநீர் நின்றிருந்தது. முதல் நாளே வந்திருந்தால் குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்திருக்கலாம் என்றார். நீ பள்ளியிலிருந்து வந்து கேட்டபோது, ஓடிப்போய்விட்டது என்று சொன்னேன். நீ ஒரு மாதம் வாசலில் கிண்ணத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கப்புறம் எந்தப் பூனையையும் நீ கேட்கவே இல்லை. எதையும் கேட்கவில்லை.

மணி பிளான்டை எடுத்துவிடு. மிட்டு வாந்தி எடுத்தாலோ சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ விடியட்டும் என்று இருக்காதே, உடனே தூக்கிக்கொண்டு ஓடு. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. மிட்டுவுக்கு ஒன்றுமில்லை என்றாலும் கூப்பிடு. ஜாடி முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு.

அப்பா