சித்தி, அது பழசாகவில்லை

அன்புள்ள சித்தி,

போன மாதம் நான் கொடுத்த சாக்லேட்டைக் கடித்துவிட்டு, "என்னடா இது, நறநறங்குது? பழசாயிடுச்சா?" என்று கேட்டீர்கள். வீடு நிறைய ஆட்கள், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நறநறப்புக்காகத்தான் சித்தி அதை வாங்கினேன்.

மோடிக்கா என்கிற ஊர். இத்தாலியின் சிசிலித் தீவில், தென்கிழக்கில், பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் வீடுகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக ஏறி நிற்கும். கீழே நாம் நடக்கிற கடைத்தெரு ஒரு காலத்தில் ஆறு. 1902 பெருவெள்ளத்துக்குப் பிறகு அதை மூடிச் சாலையாக்கிவிட்டார்கள். 1693 நிலநடுக்கத்தில் ஊரே இடிந்து, திரும்பக் கட்டியதுதான் இன்று பார்க்கிற மோடிக்கா. நெடுநெடுவென்று படியேறினால் சான் ஜியோர்ஜியோ தேவாலயம். மூச்சு வாங்கும், ஆனால் அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது இறங்கவே மனம் வரவில்லை.

சாக்லேட்டுக்கு வருகிறேன். மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் கொக்கோவைக் கல்லில் அரைத்தார்கள். சிசிலியை ஆண்ட ஸ்பெயின்காரர்கள் வழியாக அந்த முறை வந்து சேர்ந்தது என்று மோடிக்காவில் சொல்கிறார்கள். அந்தக் கல்லைப் பார்த்ததும் உங்கள் கொல்லைப்புற அம்மிதான் கண்ணில் வந்தது. கால் வைத்த அம்மி, நடுவில் லேசான குழிவு, மேலே குழவி. அடியில் கனல் வைத்துச் சூடாக்கி அரைப்பார்களாம்.

இப்போது இயந்திரம் வந்துவிட்டது, ஆனால் பக்குவம் மாறவில்லை. மற்ற சாக்லேட்டை மணிக்கணக்கில் பிசைந்து மழமழப்பாக்குவார்கள். இங்கே கொக்கோ விழுதைச் சுமார் 40 டிகிரிச் சூட்டில் இளக்கி, சர்க்கரையும் பட்டையோ வெனிலாவோ சேர்த்துக் கலந்து, தகர அச்சில் போட்டுத் தட்டுகிறார்கள். அவ்வளவுதான். அந்தச் சூட்டில் சர்க்கரை உருகாது. கொக்கோ கரைந்த பிறகும் அது நாக்கில் நிற்கும். மிக்சியில் நைசாக அரைத்தால் அது துவையலே இல்லை என்பீர்களே, அதேதான் இவர்கள் கணக்கும். 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது.

அச்சு அசல் நம் சோமாசி மாதிரி ஒரு பலகாரமும் உண்டு, 'ம்பனாத்திக்கி'. உள்ளே பாதாம், சாக்லேட், பட்டை, கிராம்பு, கூடவே கொத்திய மாட்டிறைச்சி! இறைச்சி இருப்பதே நாக்குக்குத் தெரியாது. நீங்கள் தொட மாட்டீர்கள், அதனால் வாங்கவில்லை.

மீதியை ஃபிரிட்ஜில் வைத்தீர்கள் அல்லவா? வெளியே எடுத்துவிடுங்கள், ஈரம் பட்டால் வெள்ளை பூக்கும். மத்தியானம் எல்லோரும் தூங்கிய பிறகு சின்னத் துண்டாக ஒடித்து, கடிக்காமல் நாக்கில் வையுங்கள். முதலில் கசக்கும். கொஞ்சம் பொறுங்கள், பட்டை வாசனை பின்னால்தான் வரும்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்