பல்லின் உயரம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் குதிரையின் பரிணாமம் பற்றி வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். காடு சுருங்கியது, புல்வெளி பரவியது, புல்லால் விரைவாகத் தேய்வதை ஈடுகட்டப் பற்கள் உயர்ந்தன, குதிரை தழையை விட்டுப் புல்லுக்கு மாறியது என்று கட்டுரை சொல்கிறது. பாடநூல்களிலும் இதே வரிசைதான். இந்த வரிசையோடு எனக்கு உடன்பாடில்லை. அழிந்துபோன விலங்கு எதைத் தின்றது என்பதைப் பல்லின் உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்த காலம் போய்விட்டது. இதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

இன்று ஆய்வாளர்கள் பல்லின் கடினமான மேலுறையான எனாமலையே சோதிக்கிறார்கள். மரங்களும் புதர்களும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு, வெப்பமண்டலப் புற்களின் முறை வேறு. அதனால் அந்தப் புல்லில் கார்பன்-13 என்ற, சற்று எடை கூடிய கார்பன் வகை சற்றுக் கூடுதலாகச் சேர்கிறது. அதைத் தின்ற விலங்கின் எனாமலில் அந்த விகிதம் பதிந்து, பல இலட்சம் ஆண்டுகள் கழிந்தும் அழியாமல் இருக்கிறது. குளிர்ப் பகுதிப் புற்கள் மரங்களைப் போலவே கார்பனைச் சேர்ப்பதால், அங்கே இந்தச் சோதனை மட்டும் போதாது. அப்போது பல்லின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். புல் தின்ற பல்லில் கீறல்கள் மிகுந்திருக்கும். அதிலும் ஓர் எல்லை உண்டு: அந்தக் கீறல்கள் விலங்கின் கடைசி நாட்களின் உணவை மட்டுமே காட்டும்.

இப்படிப் பார்த்தபோது பழைய வரிசை தலைகீழானது. கிழக்கு ஆப்பிரிக்காவின் யானை இனங்களை ஆராய்ந்த ஏட்ரியன் லிஸ்டர் 2013-இல் வெளியிட்ட முடிவு என்னை மிகவும் கவர்ந்தது. அவை சுமார் 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பெருமளவில் புல்லுக்கு மாறிவிட்டன. பற்கள் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததோ சுமார் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். இடைப்பட்ட முப்பது இலட்சம் ஆண்டுகள் பொருத்தமில்லாத பற்களோடு அவை புல்லை அரைத்திருக்கின்றன. பழக்கம் முதலில் மாறியது, உடல் பின்னால் வந்தது. இன்றைய ஆப்பிரிக்க யானையோ அந்த உயரமான பற்களோடு பெரும்பாலும் மரத்தழையும் பட்டையும் தின்கிறது!

குதிரைக் கதையிலும் இதே சிக்கல் உண்டு. புளோரிடாவில் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்து வாழ்ந்த ஆறு குதிரை இனங்களுக்கும் உயரமான பற்கள் இருந்தன. எல்லாமே புல் மேய்ந்தவை என்றே கருதி வந்தார்கள். புரூஸ் மெக்ஃபாடனும் அவருடைய குழுவினரும் 1999-இல் எனாமலையும் கீறல்களையும் ஒப்பிட்டபோது, அவற்றில் தழை தின்றவையும் இரண்டையும் கலந்து தின்றவையும் இருந்தது தெரிந்தது. இன்றைய குதிரைக்கு மிக நெருங்கிய உறவான இனமே முதன்மையாகத் தழைதான் தின்றிருக்கிறது. குதிரை இனங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் காட்டி, கட்டுரையுடன் வந்த ஏணிப் படத்தில் இதற்கு இடமே இல்லை.

தென் அமெரிக்காவின் பட்டகோனியாவில் சுமார் 3 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே உயரமான பற்கள் தோன்றிவிட்டன. அப்போது அங்கே புல்வெளி இல்லை. எரிமலைச் சாம்பலும் புழுதியும் படிந்த இலைகளைத் தின்றதால் பற்கள் தேய்ந்தது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இமயமலை அடிவாரத்தில் உள்ள சிவாலிக் குன்றுகளின் புதைபடிவங்களைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடுங்கள். அதே சிவாலிக் படிவுகள் உள்ள பாகிஸ்தானின் பொட்வார் பகுதியில், 80 முதல் 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் காடு புல்வெளியாக மாறியது மண்ணிலும் பற்களிலும் தெளிவாகப் பதிந்திருக்கிறது. உணவை மாற்றிக்கொண்ட இனங்கள் சில, தழையை விடாமல் மறைந்தவை சில. பழம் தின்ற சிவபிதேகஸ் என்ற வாலில்லாக் குரங்கு சுமார் 85 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்து காணாமல் போயிருந்தது. எவை மாறின, எவை மாறவில்லை, ஏன் என்று விரிவாக எழுதக்கூடிய தொல்லுயிரியலாளர் ஒருவரையே அதற்கு அழையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்